விவிலியம் வாசிக்கிறேன், ஆண்டவர் பேசவில்லையே?

கேள்வி: பங்குக் கோவிலில் சொல்லிக்கொடுத்தபடி தினமும் காலை 5 மணிக்கு 'லெக்சியோ திவினா' முறையில் (விவிலியத்தை மெதுவாக வாசித்து, தியானித்து, செபிக்கும் முறை) ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். இரண்டு மாதமாகியும் ஆண்டவர் பேசியதாக எதுவும் தோன்றவில்லை. மனம் ஆபீசுக்கு ஓடிவிடுகிறது. 3,000 ரூபாய் கட்டிப் பயிற்சிக்கு வந்தால் 'இறைக்குரல் கேட்கும் வரம்' கிடைக்கும் என்கிறார் ஒரு போதகர். போகலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்த முறையின் நான்கு படிகளைத் தெளிவாக எழுதிவைத்தவர் இரண்டாம் குய்கோ. 12ஆம் நூற்றாண்டில், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள கார்த்தூசியன் துறவிகளின் மடத்துக்குத் தலைவராக இருந்தவர். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, செபம் ருசி காண்கிறது, நான்காம் படியான ஆழ்நிலைச் செபம் அந்த இனிமையேதான் என்றார். முதல் மூன்றும் நம் முயற்சி. நான்காவது கடவுள் தருவது. அவர் தரும்போதுதான் வரும். அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தர எவராலும் முடியாது.

ஒரு அதிகாரம் என்பது மெல்ல முடியாத அளவு. ஏழு வசனம் போதும். பார்வையற்ற பர்த்திமேயுவை இயேசு குணமாக்கும் மாற்கு 10:46-52 எடுத்து, வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். முதல் திருப்பாடலில் 'சிந்திப்பவர்', அதாவது தியானிப்பவர், என்று வருகிறதே, அந்த எபிரேயச் சொல்லுக்கே முணுமுணுத்தல் என்ற பொருள் உண்டு.

இயேசு கூப்பிட்டதும் பர்த்திமேயு தம் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்தார் என்று 50ஆம் வசனம் சொல்கிறது. அங்கேயே நில்லுங்கள். வழியோரம் பிச்சை எடுத்தவருக்கு அதுதான் இரவில் போர்வை. பார்வையில்லாதவர் எறிந்த துணியை அந்தக் கூட்டத்தில் எப்படித் தேடி எடுப்பார்? கண் திறக்குமுன்பே எறிந்துவிட்டார். சரி, நான் இறுக்கிப் பிடித்திருப்பது எது என்று கேட்டால் அது தியானம். அதை ஆண்டவரிடம் சொன்னால் செபம். மனம் ஆபீசுக்கு ஓடினால் அந்த ஆபீஸ் கவலையே உங்கள் மேலுடையாக இருக்கலாம்; அதையும் சொல்லிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள்.

இன்னொரு பொறி, கண்ணை மூடிப் பக்கம் புரட்டி 'இன்றைய வாக்குறுதி' எடுப்பது. அச்சடித்த வசன அட்டைகளில் எரேமியா 29:11 கட்டாயம் இருக்கும்: வளமான எதிர்காலம், நம்பிக்கை. அதற்கு முந்தைய வசனத்தை அட்டையில் போடுவதில்லை. பாபிலோனில் 70 ஆண்டு அடிமை வாழ்வு முடிந்த பிறகே அது நடக்கும் என்கிறது அது. இன்னும் மேலே, 8ஆம் வசனத்தில், உங்கள் நடுவே உள்ள இறைவாக்கினர் உங்களை ஏமாற்ற விடாதீர்கள் என்கிறார் ஆண்டவர். உங்களைப் பயிற்சிக்கு அழைத்தவர் இதை வாசித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களிடம் மக்கள் போவதற்கு திருச்சபையாகிய எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. விவிலிய வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. திருப்பலியில் வாசகத்துக்குப் பின் சற்று மௌனம் இருக்க வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொல்லி வாசகர் நகருமுன் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. அரை நிமிட மௌனம் பழகாதவரிடம் கையேட்டைக் கொடுத்து, வீட்டில் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறோம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. அண்மையில் யாரையாவது இழந்திருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் இறந்த இலாசரை இயேசு உயிர்ப்பித்த பகுதியை எடுத்தால், 'என் வீட்டில் ஏன் நடக்கவில்லை' என்ற கேள்வி நெஞ்சை அறுக்கும். அது விசுவாசக் குறைவு அல்ல. காயம் பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். அப்போது தியானத்துக்கு முயலாமல் திருப்பாடல் 88ஐ மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறுதல் வரியே இல்லாமல் இருளோடு முடிகிற பாடல் அது. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடலாம். நாற்பதாம் நாளானாலும் சரி, ஆறு மாதமானாலும் சரி, அந்தப் பாடலிலேயே இருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நாளை காலை பர்த்திமேயு. பத்து நிமிடம் போதும்.