'இளவரசி மோனோனோகே' படத்தில் எபோஷி வில்லியா? கடைசியில் அவள் திருந்துவது நம்பும்படி இருப்பது எப்படி?

வில்லி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1997-இல் எடுத்த இந்த அனிமேஷன் படத்தில் எபோஷி இரும்பு உருக்கும் ஊரின் தலைவி. காட்டை அழிக்கிறாள். அவள் ஊரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்துதான் பன்றித் தெய்வம் நாகோ பேயாகிறது, அதன் சாபம் கதாநாயகன் அஷிதாகாவின் கையில் ஏறுகிறது. அதே எபோஷிதான் விலைமாதர் விடுதிகளில் விற்கப்பட்ட பெண்களை மீட்டு உலைக்களத்தில் வேலை தருகிறாள். தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் கழுவிக் கட்டுகிறாள். கவனியுங்கள், அந்த நோயாளிகள்தான் அவளுக்குத் துப்பாக்கி செய்து தருகிறார்கள். கருணையும் அழிவும் ஒரே பட்டறையில். சோகமான முன்கதை சொல்லி இரக்கம் தேடும் படங்கள் தவறுவது இங்கேதான். இவளுக்கு முன்கதையே இல்லை, செயல்கள் மட்டும்.

திருப்பமும் அப்படித்தான். வனதேவதையின் தலையை அவள் சுட்டு வீழ்த்தியபின், ஓநாய்த் தாய் மோரோவின் துண்டான தலை அவள் கையைக் கடித்தெடுக்கிறது. அஷிதாகா காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். பிறகு ஓர் ஓநாயின் முதுகில் ஏறித்தான் உயிர் தப்புகிறாள். எதிரியின் தயவில் பிழைத்தவள், எல்லோரும் முதலிலிருந்து தொடங்கி நல்ல ஊராக்குவோம் என்கிறாள், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு அழும் காட்சி கிடையாது. மோரோ வளர்த்த மனிதப் பெண் சான் கடைசிவரை மனிதர்களை மன்னிப்பதும் இல்லை.