கிரீனுக்கு எத்தனை வயது?

பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டிவிடுவதற்காக ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரையைத்தான் கோல்ஃபில் கிரீன் என்கிறோம். ஸ்காட்லாந்தில் இன்றும் ஆட்டத்தில் இருக்கும் பழைய கிரீன்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

உலகிலேயே மிகப் பழைய கிரீன் எது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?
– கோவை வாசகர்

ஆட்டம் நடந்த நிலம் பழையது என்பது வேறு, கிரீன் பழையது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். எடின்பரோவுக்குக் கிழக்கே மஸல்பரோவில் 1672 மார்ச் 2 அன்று கோல்ஃப் ஆடியதற்கு ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுத்துச் சான்று உண்டு. அங்கே குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவில் 9 குழி மைதானம் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்மக்கள் கடலோர மணல்வெளியில் ஆடலாம் என்று உறுதிசெய்த பேராயர் ஹாமில்டனின் சாசனம் இன்னும் முந்தியது, 1552.

ஆனால் அந்த நாட்களில் கிரீன் என்று தனியாக ஒன்று கிடையாது. 1744இல் எடின்பரோவை ஒட்டிய துறைமுகமான லீத்தின் ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த விதிகளில் முதலாவதே இதைக் காட்டிக்கொடுக்கிறது: குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பந்தை வைத்து அடுத்த குழிக்கு அடிக்க வேண்டும். பந்தை நிறுத்திவைக்க, முடித்த குழிக்குள்ளேயே கைவிட்டு ஒரு பிடி மணல் எடுத்துக் குவித்துக்கொள்வார்கள். குழி நாளுக்கு நாள் ஆழமாகும், விளிம்பு சரியும், சுற்றிலும் காலடித் தடமாக இருக்கும். அதில் உருட்டி ஆடுவதற்கென்று வழவழப்பான தரை எங்கிருந்து வரும்?

ஆகவே, இன்னாரால், இந்த ஆண்டில், இதே இடத்தில் என்று ஒரு கிரீனைச் சுட்டிக்காட்ட 19ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டியிருக்கிறது. 1851இல் பிரெஸ்ட்விக்கில் ஆட்டக்காரரும் மைதானம் அமைப்பவருமான ஓல்ட் டாம் மாரிஸ் 12 குழிகள் அமைத்தார். பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் முதன்முதலில் 1860இல் அங்கேதான் நடந்தது. அன்று 2ஆம் குழியாக இருந்த ‘ஆல்ப்ஸ்’ இப்போது 17ஆம் குழி. மணல்மேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கிரீனை நோக்கி அடிக்கும் அந்த ஏற்பாடு மாறவே இல்லை.

உருட்டி ஆடுவதற்கென்றே அமைந்த தரையைத்தான் கேட்கிறீர்கள் என்றால், எங்கள் ஓட்டு செயின்ட் ஆண்ட்ரூஸின் ‘ஹிமாலயாஸ்’ கிரீனுக்கு. 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் (உருட்டி ஆடும்) கிளப்பின் களம் அது. அமைத்தவர் அதே மாரிஸ். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்குவது அழகல்ல என்று நினைத்த காலம். உருட்டுவதற்கு மட்டும் கிடைத்த இடத்தை அவர்கள் தங்கள் சொந்தக் களமாக ஆக்கிக்கொண்டார்கள். உலகின் முதல் பெண்கள் கோல்ஃப் கிளப் அதுதான்.

கொல்கத்தாவின் ராயல் கிளப் 1829இல் தொடங்கியதாயிற்றே. அதன் கிரீன்கள் இன்னும் பழையவை அல்லவா?
– சென்னை வாசகர்

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கிளப் அதுதான். ஆனால் கிளப் பிற்பாடு டோலிகஞ்சுக்கு இடம் மாறியது. கிளப்பின் வயதைக் கிரீனின் வயதாகக் கொள்ள முடியாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஒரே கிரீனில் இரண்டு கொடிகள் நிற்பது ஏன்?
– மதுரை வாசகர்

முதலில் மைதானம் ஒரு குறுகலான ஒற்றையடிப் பாதை மாதிரி. போகும்போது எந்தக் குழிகளோ, திரும்பும்போதும் பெரும்பாலும் அதே குழிகள். 1764இல் முதல் 4 குழிகளை 2 ஆக்கியதால் 22 ஆக இருந்த சுற்று 18 ஆகக் குறைந்தது. இன்று உலகமே ஆடும் 18 அங்கிருந்து வந்ததுதான். ஆட்டக்காரர்கள் பெருகியதும் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொண்டார்கள். 1850களில் கிரீனை அகலமாக்கி இரண்டு குழி வெட்டினார்கள்: போகும் வழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழிக்குச் சிவப்பு.

1, 9, 17, 18 தவிர மற்றவை எல்லாம் இப்படி இரட்டை கிரீன்கள், மொத்தம் 7. ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2உம் 16உம், 5உம் 13உம். 5–13 கிரீன் மட்டும் 37,000 சதுர அடிக்கு மேல். நம் கணக்கில் 15 கிரவுண்ட் மனையைத் தாண்டும். தப்பான பக்கத்தில் பந்து நின்றுவிட்டால் 80, 90 கெஜத்திலிருந்து உருட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு காலம் ஒரே இடத்தில் ஆடியும் குழியைச் சுற்றித் தரை எப்படிக் கெடாமல் இருக்கிறது?
– திருச்சி வாசகர்

குழி ஒரே இடத்தில் இருப்பதில்லை, அதுதான் காரணம். குழியின் விட்டம் 4¼ அங்குலம் (108 மி.மீ.). மஸல்பரோவில் 1829ஆம் ஆண்டைச் சேர்ந்த குழிவெட்டி இருக்கிறது. அதன் அளவையே பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

வேலை நடக்கும் வரிசை இது. பழைய குழிக்குள் இருக்கும் குவளையைக் கொக்கி போட்டு எடுத்துவிடுவார்கள். கிரீன் ஓரத்திலிருந்து நாலைந்து எட்டு உள்ளே, சரிவு குறைந்த இடம் பார்த்துக் குழிவெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி இறக்குவார்கள். மணல் காய்ந்திருந்தால் முதலில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு உதிரும். புல்லோடு வரும் மண்கட்டி அப்படியே பழைய குழிக்குள் போகும். அதற்கு முன் குழியின் அடிமட்டத்தை மணல் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் தவறு நடக்கும். கட்டி கொஞ்சம் உயர்ந்து நின்றால் மறுநாள் வெட்டும் இயந்திரம் அதை மொட்டையடித்துவிடும். தாழ்ந்தால் பள்ளத்தில் பந்து தடம் மாறும். சுற்றுப் புல்லைக் கத்தியால் உள்பக்கம் நெருக்கி, காலால் அழுத்தி, தண்ணீர் விட வேண்டும். வறண்ட காலத்தில் தண்ணீரை மறந்தால் இரண்டே நாளில் பழுப்பு வட்டம் தெரியும். புதுக் குழிக்குள் வைக்கும் குவளையின் வாய் தரைமட்டத்துக்குக் குறைந்தது 1 அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது விதி.

ஓல்ட் டாம் மாரிஸ் கிரீன்களுக்கு மணல் தூவினார் என்கிறார்களே, மணலால் புல்லுக்கு என்ன நன்மை?
– ஈரோடு வாசகர்

பிரெஸ்ட்விக்கில் மணல் வண்டி கவிழ்ந்த இடத்தில் புல் நன்றாக வந்ததைக் கவனித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, விஷயம் சரி. புல்லுக்கு அடியில் செத்த வேரும் தண்டும் மக்காமல் மெத்தை மாதிரி சேரும். அது தண்ணீரைப் பிடித்துவைக்கும், பந்து அமுங்கும், பூஞ்சை வரும். மணல் அந்த மெத்தைக்குள் இறங்கிக் காற்றுக்கு வழிவிடும். சிறு பள்ளங்களும் நிரவப்படும்.

அளவுதான் முக்கியம். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 2 மி.மீ. கனம் என்றால் 1 கன மீட்டர் மணல், அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. காய்ந்த புல்மீது தூவி, புல் நுனி தெரியும்வரை பிரஷ்ஷால் இழுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் புல் மூச்சுத் திணறும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மணல் போடுவது அதைவிட மோசம்: உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்து, அடுக்கின் எல்லையில் தண்ணீர் நின்றுவிடும், வேரும் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்காட்லாந்துக் கிரீன்களில் உள்ள ஃபெஸ்க்யூ, பெண்ட் வகைப் புற்களுக்கு உரமும் நீரும் குறைவாகப் போதும். தாராளமாகக் கொடுத்தால் ஆண்டுப்புல் என்னும் களை உள்ளே நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு ஃபெஸ்க்யூ தாங்காது, அருகம்புல் இனங்கள்தான் சரி. மணல் கணக்கு மட்டும் அப்படியே பொருந்தும்.

பழைய கிரீன்களை இன்னும் வேகமாக்கினால் என்ன?
– சேலம் வாசகர்

வேகத்தை ஸ்டிம்ப்மீட்டரால் அளப்பார்கள். 36 அங்குல அலுமினியச் சட்டம்; 30 அங்குலத்தில் உள்ள வெட்டில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் தானாக உருளும். அது ஓடும் அடிக்கணக்குதான் வேகம். கடற்காற்று வீசும் இடத்தில் வேகத்தைக் கூட்டினால் நின்ற பந்தே நகரும். 2015 ஓப்பனில் சனிக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸில் இதுதான் நடந்தது: ஆட்டம் 10 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோய், போட்டி திங்கட்கிழமை முடிந்தது. புல்லை இன்னும் ஒட்ட வெட்டுவது ஃபெஸ்க்யூவுக்கும் ஆகாது. நெடுநாள் 4 மி.மீ.க்குக் கீழே வைத்தால் அது மெலிந்துபோகும்.

வெளியூர்க்காரர்கள் ஹிமாலயாஸில் ஆட முடியுமா?
– புதுச்சேரி வாசகர்

முடியும். கோடைப் பருவத்தில் சில பவுண்டு கட்டணம். மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். அடிப்பகுதி தட்டையான செருப்பு போதும். மேடு ஏறும் உருட்டலில் குழியைப் பார்க்காமல் மேட்டின் உச்சியைக் குறிவையுங்கள். உச்சியில் பந்து கிட்டத்தட்ட நிற்கிற வேகம் இருந்தால், மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். பக்கத்து ஓல்ட் கோர்ஸைப் பார்க்க ஞாயிறு நல்ல நாள். அன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊரார் நடைபோகும் பூங்காவாகிவிடும்.