டான்யூப் கப்பலில் ரசம் கிடைக்காது, தயிர் கிடைக்கும்

கேள்வி: ஓய்வுபெற்ற அப்பா அம்மாவுடன் செப்டம்பரில் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை டான்யூப் நதியில் கப்பலில் போகிறோம். இருவரும் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கப்பலில் பொழுது போகுமா?

பதில்: பட்டினி கிடக்க வேண்டியிருக்காது. ஆனால் படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டை வந்து நிற்கும். அங்கே அந்தச் சொல்லுக்குள் முட்டையும் அடக்கம். 'வீகன்' என்று எழுதினாலோ தயிரும் வெண்ணெயும் போய்விடும். அதனால் "இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், பால், தயிர் சரி" என்று விரித்தே எழுதி, பயணத்துக்குச் சில வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஏறியதும் உணவகத் தலைவரிடம் நேரிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத அசைவம்தான் சிக்கல். காய்கறி சூப்பை எலும்பு வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். குழைவான இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். பார்மேசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. ஆஸ்திரியாவின் வாஹாவ் பக்கம் பேர்போன ஆப்ரிகாட் பழக் கொழுக்கட்டையின் மாவில்கூடப் பெரும்பாலும் முட்டை இருக்கும். பார்த்தால் நம் வீட்டுக் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்!

காலை, மதியம் பெரும்பாலும் பஃபே. ரொட்டி, பழம், தயிர், சாலட் என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இரவு ஏழு மணி வாக்கில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள். மூன்று நான்கு சுற்று வர ஒன்றரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சோதனைதான். பொதுவாக மேசை ஒதுக்கீடு இருக்காது. தினமும் ஒரே பணியாளர் கவனிக்கும் பக்கமாக உட்காருங்கள். இரண்டாம் நாளே அவருக்கு உங்கள் வழக்கம் பிடிபட்டுவிடும்.

பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம்: வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்கள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. அறையில் மின்கெட்டில் வைக்கவும் பல கப்பல்களில் விடமாட்டார்கள். வெந்நீர் லவுஞ்சில் கிடைக்கும்.

அப்புறம், பொழுதுபோக்கு. கடல் கப்பல் போல நாடக அரங்கு, சூதாட்டக் கூடம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மதகுகளுக்குள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் அடைப்புகள்) நுழைய வேண்டியிருப்பதால் இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் சுமார் 11.4 மீட்டர் அகலம், அதிகம் போனால் 135 மீட்டர் நீளம். பயணிகள் 200 பேருக்குள்தான். ஒரு பியானோக்காரர், மறுநாள் பற்றி மாலையில் ஒரு விளக்கம், அவ்வளவே. கரைதான் பொழுதுபோக்கு: மெல்க் மடம், வியன்னா, பிராட்டிஸ்லாவா. நதியில் கப்பல் ஆடுவது மிகக் குறைவு, வாந்தி பயம் வேண்டாம்.

தண்ணீர் மிகவும் குறைந்தாலோ வெள்ளம் வந்தாலோ ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க நேரலாம். 2018 கோடையில் டான்யூப் அப்படி வற்றியது. பாலம் தாழ்வாக இருந்தால் மேல்தளத்தையும் மூடிவிடுவார்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். பின்பக்கம் இன்ஜின் சத்தம் இருக்கும். லிஃப்ட் பல கப்பல்களில் மேல்தளம்வரை போகாது. துறையில் இடமில்லாவிட்டால் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள், அடுத்த கப்பலுக்குள் நடந்துதான் கரையேற வேண்டும். அப்பா அம்மாவில் யாருக்காவது முழங்கால் வலி இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.