வாசகர் கேள்வி – பதில்: களத்தில் செய்த ஆய்வு கணக்கில் வருமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நீர்வேதியியல் ஆய்வாளராக இருக்கிறேன். ஒரு சாயப்பட்டறையோடும் அதையொட்டி வாழும் மக்களோடும் சேர்ந்து, ஆறு ஆண்டுகள் உழைத்துக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறை ஒன்றை உருவாக்கினோம். பதவி உயர்வுக் குழு என் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டுமே கேட்டது. இத்தகைய கூட்டுப்பணியை மதிப்பிட வழியே இல்லையா?

பதில்: உண்டு. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அது ஆண்டு விழாவில் தரும் ஒரு கேடயத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை மதிப்பிடும்போது, அந்த ஆய்வு கல்வி உலகத்துக்கு வெளியே ஏற்படுத்திய மாற்றத்துக்கென 2014இல் 20 சதவீத மதிப்பும், 2021இல் 25 சதவீத மதிப்பும் அளித்தார்கள். எந்த ஆய்விலிருந்து மாற்றம் வந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சான்றுகளுடன் எழுதித் தர வேண்டும். எனினும் அந்த மதிப்பு துறையின் கணக்கில்தான் சேருகிறது. ஈட்டித் தந்தவரின் பதவி உயர்வுக் கோப்பில் அது தானாக ஏறிவிடுவதில்லை.

இதில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1933 பிப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரைத் தேடி ஒரு விவசாயி வந்தார். இறந்துபோன கிடேரி ஒன்று, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், மாடுகள் தின்ற கெட்டுப்போன தீவனம் ஆகியவற்றை அவர் கொண்டுவந்திருந்தார். ரத்தத்தை உறையவிடாமல் செய்த பொருளை லிங்கின் ஆய்வகம் பிரித்தெடுக்க 1939 ஆயிற்று. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் பயன்பாட்டுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் காப்புரிமைகளை நிர்வகிக்க 1925இல் தொடங்கிய அறக்கட்டளையின் பெயர்ச்சுருக்கத்திலிருந்தே மருந்துக்கும் பெயர் வந்தது. ஆண்டுதோறும் கட்டுரைகளை எண்ணும் ஒரு குழு 1936இல் அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்திருந்தால் எதைக் கண்டிருக்கும்?

ஆகவே அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, கழிவுநீரின் அளவீடுகள் தொடக்கத்தில் என்ன, இப்போது என்ன என்பதைத் தேதியுடன் முதல் பக்கத்திலேயே வையுங்கள். பட்டறையின் பொறியாளரிடமும் குடியிருப்பு மக்களிடமும், உங்கள் பங்கு எது என்று தெளிவாகக் குறிப்பிடும் கடிதங்களைத் தனித்தனியே வாங்குங்கள். பாராட்டுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். இதழின் தாக்கக் குறியீட்டை, அதாவது அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கைக் கொண்டு தனி ஆய்வாளரின் பதவி உயர்வை முடிவு செய்யலாகாது என்று வலியுறுத்தும் 2012ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் உங்கள் பல்கலைக்கழகம் கையொப்பமிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இட்டிருந்தால் அதைக் குழுவுக்கு எழுத்திலேயே நினைவூட்டலாம்.

கேள்வி: தொழில் நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வுக்கு விருது கொடுப்பது முறையா?

பதில்: ஒப்பந்தத்தைப் படித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்துக்குப் பாதகமான முடிவையும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு அதில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சில மாதங்கள் காத்திருப்பது நியாயமே; வெளியிடவே கூடாது என்று நிறுவனம் தடுக்க இடமிருந்தால், அந்தப் பணியை விருதுப் பட்டியலில் சேர்க்க நான் உடன்பட மாட்டேன்.