பைலட் படிப்புக்குக் காணியை ஈடு வைக்கலாமா?

போன கிழமை மகனின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, கொக்குவிலில் இருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் உயர்தரம் கணிதப் பிரிவு எழுதியவன். ஆப்கானிஸ்தானில் அப்பாச்சி என்ற போர் ஹெலிகொப்டர் அணியை நடத்திய அதிகாரியின் பேட்டிகளையே நாள் முழுக்கப் பார்க்கிறானாம். கனடா மாமா உடனே, "அப்ப பைலட்டாக்குவம், பாதிக் காசு நான் தாறன்" என்றுவிட்டார். மீதிக்கு வீட்டுக் காணி. அம்மம்மாவோ ஹெலிச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடியவர். அந்தச் சொல்லே அவருக்கு ஆகாது.

பயப்படாதீர்கள் என்றுதான் தொடங்கினேன். காணிக் கதை வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா, போர் ஹெலி அணியை நடத்துகிறவர் காசு கட்டி அங்கே போனவர் இல்லை. படையில் சேர்ந்து, பல வருடம் பறந்த பிறகுதான் அணி கைக்கு வரும். மாமா சொல்லும் தனியார் படிப்பு தருவது, ஹெலி ஓட்டிச் சம்பளம் வாங்க விடும் வணிக உரிமம். அதற்குச் சர்வதேச விதி கேட்பது 150 மணித்தியாலப் பறப்பு, அங்கீகரித்த பயிற்சியென்றால் 100. ஒவ்வொரு மணித்தியாலமும் உங்கள் செலவு. பாதிக் காசு தருகிற மாமா வட்டியையும் கட்டுவாரா?

பெடியனிடம் தனியாகப் பேசினேன். அவன் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சேர், அந்தப் புழுதிக்குள்ள விடிய எத்தனை ஹெலி பறக்கிற நிலைமையில இருக்கும்?" அந்த அதிகாரியின் தலையிடியும் அதுதான். வெக்கையில் காற்று ஐதாகி, தூக்கும் வலு குறையும். ஏவுகணையைக் கூட்டினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். முன்னால் இருந்து சுடுபவரும் பின்னால் இருந்து ஓட்டுபவரும் ஒழுங்காக நித்திரை கொண்டார்களா என்பதும் அவர் கணக்கு. திருத்துகிறவர் கையெழுத்து வைக்காமல் ஒன்றும் எழும்பாது. வீட்டில் இறைப்பு மெஷினைக் கழட்டிப் பூட்டுகிற பிள்ளைக்கு அந்தக் கையெழுத்துத்தான் பொருத்தம்.

மருத்துவம், பொறியியல் பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். விமானப் பராமரிப்பு உரிமத்தைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் பி1 இயந்திரப் பக்கம், பி2 மின்னணுப் பக்கம். டர்பைன் இயந்திரம் பூட்டிய ஹெலிகொப்டருக்கு பி1.3. பாடம் பாடமாகச் சோதனை, ஒவ்வொன்றிலும் 75 வீதம் வேண்டும். 74 என்றாலும் திரும்ப எழுத வேண்டியதுதான். நித்திரையில்லாதவன் ஏன் ஒரு நட்டை இறுக்க மறக்கிறான் என்பதற்கே தனிப் பாடம் உண்டு. அங்கீகரித்த பயிற்சி முடித்தவருக்கு 2 வருட வேலை அனுபவம், தொழில்நுட்பப் பயிற்சியே இல்லாதவருக்கு 5. படிப்பு முடிந்த அன்றே உரிமம் கையில் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இலங்கையில் உரிமம் கொடுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. நிறுவனத்துக்கு அவர்களின் அனுமதி உண்டா, எந்தப் பிரிவுக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். மாமாவின் பாதிக் காசை இதற்குக் கேளுங்கள். காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.