தொடுவானத்தை ஒட்டியே தெரியும் பெரிய மெகல்லன் மேகத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து படம் எடுக்க முடியுமா?

முடியும். பெயர்தான் மேகம், உண்மையில் அது ஒரு கேலக்சி, அதாவது ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம். நான் நாகர்கோவில்காரன். மூன்று பனிக்காலமாக இதே வேலையாகக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது வருஷம்தான் படம் வந்தது. சாதாரண கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஒரு டிரைபாட், அவ்வளவுதான். டெலஸ்கோப் இல்லை.

நீங்கள் கேட்டதில் "தொடுவானத்தை ஒட்டியே" என்பது கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த கேலக்சி வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகிற கோடு) தெற்கே ஏறக்குறைய 70 டிகிரியில் இருக்கிறது. நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 8 டிகிரியில். 90-இலிருந்து இரண்டையும் கழித்தால் 12. நேர் தெற்கே வரும்போது அது கடல் மட்டத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் 10 டிகிரி. அப்படியென்றால் கடலுக்கு மேலே ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகம். சென்னையில் இதே கணக்குப் போட்டால் 7 டிகிரிதான் வரும். டெல்லியில் அது உதிப்பதே இல்லை. இந்தியாவின் பெருநிலப்பரப்பில் இதற்கு நம் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இது தெரியவில்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சுமார் 1,60,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிற இன்னொரு கேலக்சி, தை மாதத்து இரவுகளில் நம் கடலுக்கு மேலே வந்து நிற்கிறது!

தாழ்வாக இருப்பதால் வருகிற சிக்கல் காற்றுதான். தலைக்கு நேர் மேலே உள்ள நட்சத்திரத்தின் ஒளி கடந்து வருகிற காற்றைவிட, 12 டிகிரியில் உள்ளதன் ஒளி நான்கரை மடங்குக்கும் மேலான காற்றைத் துளைத்து வரவேண்டும். 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால் பத்து மடங்கு. தெளிந்த இரவிலேயே பாதிக்கு மேல் வெளிச்சம் வழியில் போய்விடும். அதிலும் நீலம்தான் முதலில் போகும். அஸ்தமன சூரியன் சிவக்கிறதே, அதே காரணம். அதனால் படம் பழுப்படித்து வரும். இதற்குப் பெரிய லென்ஸ் பதில் இல்லை. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தைப் பிடிப்பதும், காற்று சுத்தமான நாளுக்காகக் காத்திருப்பதும்தான் வழி.

நேரம் இப்படி: டிசம்பர் பாதியில் நள்ளிரவு 12 மணி வாக்கில் நேர் தெற்கே வரும். ஜனவரி பாதியில் இரவு 10 மணி. ஜனவரி கடைசியில் 9 மணி. தினமும் 4 நிமிஷம் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஒரு நல்ல விஷயம், அது கடலுக்கு மேலே ரொம்பத் தட்டையான வளைவாகத்தான் நகர்கிறது. 10 டிகிரிக்கு மேலே மூன்றரை மணி நேரம் இருக்கும். அவசரப்பட வேண்டாம்.

கண்டுபிடிக்க அகத்தியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அதற்குக் கீழே, தெற்கே, இரண்டாவது பிரகாசமானது அகத்தியர் நட்சத்திரம். நம் மலைக்குப் பெயர் கொடுத்த அதே அகத்தியர்தான். சிரியஸிலிருந்து அகத்தியருக்கு ஒரு கோடு போட்டு, அந்தத் தூரத்தில் பாதியை அதே சாய்வில் கீழே நீட்டினால் மேகம் இருக்கிற இடம் வந்துவிடும். வெறும் கண்ணால் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கே ஒரே ஒரு இரவுதான், அதுவும் நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தபோது, லேசாகப் புகை மாதிரி தெரிந்தது.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. 200 மி.மீ. லென்ஸும், நட்சத்திரங்களின் நகர்வோடு கேமராவையும் திருப்புகிற ட்ராக்கர் ஒன்றைக் கடன் வாங்கியும் கொண்டு போனேன். ட்ராக்கரை நிறுத்த துருவ நட்சத்திரம் வேண்டும். நமக்கு அது வடக்கே 8 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வடக்கே திரும்பினால் தென்னந்தோப்பு. துருவ நட்சத்திரம் ஓலைக்குப் பின்னால். நான்கு இரவு அதோடே போய்விட்டது. மேகமோ 10 டிகிரி அகலம், 200 மி.மீ. லென்ஸில் அது முழுசாக அடங்கவும் செய்யாது.

ட்ராக்கர் இல்லாமலே செய்யலாம் என்பது பிறகுதான் புரிந்தது. வானத்தின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தப் பகுதி நட்சத்திரங்கள் மெதுவாக நகர்கின்றன. ஓரியன் பெல்ட் நகரும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஓரியனுக்கு 3, 4 விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கிற அதே 50 மி.மீ. லென்ஸில் இங்கே 10 விநாடி தாராளமாக வைக்கலாம். நான் வைப்பது எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 10 விநாடி, ரா ஃபைல். ஃபோகஸை அகத்தியர் மீது, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் வைக்க வேண்டும். அப்புறம் லென்ஸ் வளையத்தை ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் கீழே கடல் கோடும் வரும், மேலே மேகமும் வரும். மேகத்தைச் சட்டத்தில் கொஞ்சம் இடப்பக்கமாக வையுங்கள், ஏனென்றால் அது வலப்பக்கம் நகரும். ஒரே இடத்தில் 200 படம், பிறகு ஒன்றாக அடுக்கிச் சேர்க்க. முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே செட்டிங்கில் 20 படம், சென்சார் இரைச்சலை (கேமரா தானாகப் படத்தில் சேர்க்கும் புள்ளிகளை) கழிக்க.

இடத்துக்கு வருவோம். குமரி முனை வேண்டாம். பாறை, சிலை, கடைத்தெரு எல்லாம் ராத்திரி வெளிச்சத்தில் நிற்கும். தை அமாவாசைக்குக் கூட்டமும் சேர்ந்துவிடும், நமக்கோ அமாவாசை வாரம்தான் வேண்டும். முட்டத்தில் பாறையும் உயரமும் அருமை, ஆனால் லைட்ஹவுஸ் ஒளி சுற்றிச் சுற்றி வரும். மணக்குடிக்கும் சொத்தவிளைக்கும் இடைப்பட்ட மணலில்தான் நான் உட்கார்வது. டவுன் வெளிச்சம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், தெற்கே வெறும் கடல். ராத்திரி போகும் முன்பே ஊர்க்காரர்கள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இருட்டில் டிரைபாடோடு ஒருவன் நின்றால் சந்தேகப்படுவது இயல்பு.

அப்படிச் சொல்லப் போனபோதுதான் வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டாவோடு பழக்கமானது. "எதை மக்ளே பிடிக்கப் போற?" என்றார். தெற்கே கையைக் காட்டி, நட்சத்திரக் கூட்டம் ஒன்று என்றேன். நட்சத்திரத்தை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார். "இன்னைக்கு வெள்ளி தெளியாது. கடல்ல புகைச்சல் நிக்கி. வாடை விழட்டும், அப்ப வா" என்றார். அவர் சொன்னது சரி. மழை பெய்து கழுவிவிட்டு, வடக்கேயிருந்து காய்ந்த காற்று கடலை நோக்கி அடிக்கிற இரவில்தான் அடிவானம் திறக்கிறது. அன்றைக்குப் பார்க்க ஒரு எளிய சோதனை: கடலை ஒட்டி நட்சத்திரம் எவ்வளவு கீழே வரை தெரிகிறது என்று பாருங்கள். ஒரு முஷ்டி உயரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால் திரும்பிவிடலாம்.

எனக்குக் கிடைத்த இரவு பொங்கல் முடிந்து நான்கு நாள் கழித்து. முதல் 10 விநாடிப் படம் திரையில் வந்தபோது நடுவில் ஒரு வெளுத்த தடம். கடல் உப்பு லென்ஸில் படிந்துவிட்டது என்று நினைத்து, முதலில் ஊதி, பிறகு துணியால் ஒற்றி எடுத்தேன். மறுபடி எடுத்தேன். தடம் அப்படியே இருந்தது. சரி என்று கேமராவை இரண்டு விரல் அளவு இடப்பக்கம் திருப்பி எடுத்தேன். லென்ஸ் அழுக்கு என்றால் படத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டும். தடமோ பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மணலிலேயே உட்கார்ந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீள்சதுரமாக ஒரு பட்டை, அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் சின்ன முடிச்சு. அந்த முடிச்சுதான் டாரன்டுலா நெபுலா என்கிற ஒளிரும் வாயுத் திரள். 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, 1987 பிப்ரவரியில் வானத்தில் தோன்றியதும் அதன் பக்கத்தில்தான்.

வீட்டுக்கு வந்து படங்களை சிரில் மென்பொருளில் அடுக்கினேன், இலவசம்தான். நட்சத்திரத்தை வைத்து அடுக்கும்போது கடல் கலங்கிவிடும், அதனால் கடலை ஒரே ஒரு படத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். கீழேயிருந்து மேலே ஏறுகிற பழுப்பு வெளிச்சத்தை பின்னணி நீக்கும் கருவியால் எடுத்த பிறகு நிறத்தைச் சரிசெய்யுங்கள். முதலில் நிறத்தைத் தொட்டால் மேகம் பச்சையாகிவிடும். நீலத்தை ரொம்ப இழுக்காதீர்கள், காற்று தின்ற நீலம் திரும்பி வராது, இரைச்சல்தான் வரும்.

கடல் மட்டத்தில் புள்ளி புள்ளியாக வரும் வெள்ளை வெளிச்சங்கள் மீன்பிடி படகுகள். நான் அவற்றை அழிப்பதில்லை. என் படத்தில் மேகத்துக்கு நேர் கீழே மூன்று படகு இருக்கிறது. அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாட்டா மேகத்தைப் பார்க்கும் முன்பே நடுப் படகில் விரலை வைத்து, "இது நம்ம பயலுவ" என்றார்.