வீட்டு நாஸும் கணினிகளும்: கேள்வி பதில்

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் செருகும், ஹார்டு டிஸ்க் உள்ள சேமிப்புப் பெட்டி. அதிலும் கணினிகளிலும் ஒரே கோப்புகள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் சிங்க். சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவை இதோ.

செங்காங்கிலிருந்து: அண்ணே, சினாலஜி கம்பெனி நாஸ் வாங்கினேன். ஹாலில் வைத்தால் டிஸ்க் சத்தம் என்று வீட்டம்மா திட்டியதால், வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் ஒரு மெஷ் வைஃபை பெட்டி வைத்து, நாஸை அதில் செருகிவிட்டேன். சிங்க் நத்தை வேகத்தில் போகிறது.

பதில்: நாஸ் மேல் குற்றமில்லை தம்பி. ஷெல்டர் சுவர் தடித்த கான்கிரீட், கதவு இரும்பு. வைஃபை அதைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கவும் அனுமதி இல்லை. டிவி மேசைக்குக் கீழே, ரௌட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிள் போடுங்கள். முதல் சிங்க்கையாவது லேப்டாப்பிலும் கேபிள் செருகிச் செய்யுங்கள். கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். 2 டிபிக்கு ஐந்து மணிநேரம். சின்னச் சின்னப் படங்களாக இருந்தால் இன்னும் இழுக்கும். அப்புறம் மாறியவை மட்டும்தான் போகும்.

ஜூரோங்கிலிருந்து: சிங்க் செய்ய எந்த மென்பொருள் நல்லது, சினாலஜி டிரைவா, சிங்க்திங்கா?

பதில்: சினாலஜி பெட்டி என்றால் டிரைவ் போதும். வேறு வேறு கம்பெனிச் சாமான்கள் கலந்திருந்தால் சிங்க்திங், இலவசம். ஒரே ஃபோல்டருக்கு இரண்டையும் போடாதீர்கள், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும்.

தெம்பனிஸிலிருந்து: தம்பி, மகன் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தான், நாஸிலும் காணோம். ரெய்ட் 1 போட்டிருந்தேனே?

பதில்: அக்கா, ரெய்ட் 1 ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், அவ்வளவுதான். சிங்க் கண்ணாடி மாதிரி: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். முதலில் எல்லாக் கணினியிலும் சிங்க்கை நிறுத்துங்கள். பிறகு நாஸின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே கிடக்கும். சிங்க்திங் வைத்திருப்பவர்களுக்கு: பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நாஸ் பக்கம் அதை இயக்குங்கள். இதற்கெல்லாம் மேலே, தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க். வாரம் ஒருமுறை காப்பி எடுத்துக் கழற்றி வையுங்கள். என்னுடைய ஒன்று ஈசூனில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சாப்பாட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்வேன்.

உட்லண்ட்ஸிலிருந்து: பழைய மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போனபின் ‘கொலு படங்கள்’ என்ற ஃபோல்டர் நாஸில் இரண்டாகத் தெரிகிறது. எழுத்துப் பிழையே இல்லை!

பதில்: இது எனக்குப் பிடித்த கேள்வி. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ‘ொ’ போடலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்தே எழுதும். விண்டோஸ் நீங்கள் தட்டியதை அப்படியே வைக்கும். கோ, கௌ எழுத்துகளுக்கும் இதே கதைதான். இரண்டு ஃபோல்டரிலும் உள்ளதை ஒப்பிட்டு ஒன்றில் சேர்த்து, மற்றதை அழியுங்கள். மிஞ்சியதன் பெயரை விண்டோஸில் புதிதாகத் தட்டுங்கள். பழைய பெயரை காப்பி பேஸ்ட் செய்தால் அதே தொல்லை திரும்பும்.

பொங்கோலிலிருந்து: திருச்சிக்குப் போகும்போது நாஸைத் திறக்க ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கலாமா?

பதில்: வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத்தான் பூட்டியது. போர்ட் திறக்காமலே உங்கள் சாதனங்களைத் தனி வழியில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளை நாஸிலும் போனிலும் போடுங்கள். கிளம்புவதற்கு முன், போனில் வைஃபையை அணைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.